மான் கறி விற்றால் துப்பாக்கிச் செலவு திரும்புமா?

கேள்வி: இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரில் வசிக்கிறேன். துப்பாக்கி உரிமம் இருக்கிறது. மான் வேட்டைக்கான முதல்நிலைச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். பக்கத்துப் பண்ணைக்காரர் பயிரை மேயும் மான்களைச் சுட அனுமதி கொடுத்திருக்கிறார். ரைஃபிள், ஸ்கோப், இருட்டிலும் உடல் சூட்டை வைத்து மானைக் காட்டும் தெர்மல் கருவி என்று நிறையச் செலவாகிவிட்டது. கறியை விற்று இதை ஈடுகட்ட முடியுமா? லண்டன் ஈஸ்ட்ஹாமில் உணவகம் நடத்தும் நண்பர், எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். லைசென்ஸ் ஏதும் வேண்டுமா?

பதில்: தாராளமாக விற்கலாம். டீசலுக்கும் தோட்டாவுக்கும் கட்டும். ஆனால் இதை ஒரு வருமானமாக நினைத்து இறங்கினால் கையைக் கடிக்கும். ஈஸ்ட்ஹாம் நண்பருக்கு நீங்களே நேரடியாகக் கொடுக்க முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் மானைச் சுடுவதும் கறியை விற்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி ஜெயில் சமாச்சாரம். இலங்கையிலும் தண்டனைக்குரிய குற்றம்தான். பிரிட்டனில் நிலைமை தலைகீழ். மானை வேட்டையாடும் ஓநாய் போன்ற விலங்குகள் எப்போதோ அழிந்துவிட்டன. மான்கள் 20 லட்சம் இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இளம் மரக்கன்றுகளை மேய்ந்து காட்டையே வளரவிடாமல் செய்கின்றன என்பதால், சுட ஆள் வேண்டும் என்றுதான் அரசே நினைக்கிறது.

முதலில் மான் யாருடையது என்று பார்ப்போம். உயிரோடு திரியும் காட்டு மான் யாருக்கும் சொந்தமில்லை. சுட்டு விழுந்ததும், அந்த நிலத்தில் வேட்டை உரிமை யாருக்கு இருக்கிறதோ அவருடையதாகிவிடும். குத்தகை விவசாயியாக இருந்தால், அந்த உரிமையை நில உரிமையாளர் தன்னிடமே வைத்திருப்பது சாதாரணம். எனவே உங்கள் பண்ணைக்காரரிடம் வாய்ச்சொல்லோடு நிற்காதீர்கள். சுட அனுமதி, விழுந்த மானை எடுத்துக்கொள்ள அனுமதி இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மான் விலை போகிறது என்று தெரிந்த பிறகுதான் இந்தத் தகராறு கிளம்பும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மான் கறி விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும் என்ற விதி 2007-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஸ்காட்லாந்து தனிச் சட்டம். அங்கே வியாபாரம் செய்வதானால் அந்த ஊர்க் கவுன்சிலை (உள்ளாட்சி நிர்வாகம்) கேட்டுவிட்டு இறங்குங்கள். உங்களுக்கு இருப்பதெல்லாம் உணவுச் சட்டம்தான். அதில் மூன்று வழிகள்.

ஒன்று, கேம் டீலர். அதாவது அங்கீகாரம் பெற்ற வேட்டை இறைச்சிக்கூடம். குடல் எடுத்து, தோலோடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். கூடவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே சுட்டது, மானின் நடையிலோ உறுப்புகளிலோ கோளாறு தெரிந்ததா என்று எழுதிக் கையெழுத்திட்ட அட்டை தொங்க வேண்டும். அதில் கையெழுத்துப் போடும் தகுதி, உங்கள் சான்றிதழில் இறைச்சிச் சுகாதாரமும் சேர்ந்திருந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இரண்டாவது, தோல் உரிக்காத முழு மானைச் சிறிய அளவில் தெரிந்தவர்களுக்கோ உள்ளூர்க் கடைக்கோ உணவகத்துக்கோ கொடுப்பது. மூன்றாவது, நீங்களே வெட்டிக் கறியாக்கிக் கொடுப்பது. இந்தச் சலுகை நீங்கள் சுட்ட மானுக்கு மட்டும்தான். நண்பர் சுட்டதை வாங்கி வெட்டி விற்றால் கணக்கே வேறு. வெட்டி விற்பதென்றால் கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும். கட்டணம் கிடையாது, தொடங்குவதற்கு 28 நாள் முன்னால் பதிந்தால் போதும். அதிகாரி வந்து வெட்டும் இடத்தைப் பார்ப்பார். கழுவக்கூடிய சுவர், சுடுதண்ணீர், தனிக் கைகழுவும் தொட்டி இவற்றைத்தான் தேடுவார். கராஜில் ஒரு மூலையை ஒழித்துச் சரிசெய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டுச் சமையலறை வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது ஈஸ்ட்ஹாம். கடைக்கும் உணவகத்துக்கும் கொடுப்பது 'உள்ளூர்' எல்லைக்குள் இருக்க வேண்டும். உங்கள் கவுண்டியும் (நம் மாவட்டம் போல, உங்களுக்கு ஹாம்ப்ஷயர்), அதை ஒட்டிய கவுண்டிகளும், அல்லது உங்கள் கவுண்டி எல்லையிலிருந்து 50 கிலோமீட்டரும் என்று கணக்கு. இதில் எது பெரிதோ அது. மேப்பில் ஹாம்ப்ஷயரின் வடகிழக்கு ஓரமான ஃபார்ன்பரோ பக்கத்திலிருந்து கோடு போட்டுப் பார்த்தால் லண்டனில் டூட்டிங் உள்ளே வருகிறது, வெம்ப்ளியும் வருகிறது. ஈஸ்ட்ஹாம் 60 கிலோமீட்டரைத் தொட்டு வெளியே நிற்கிறது. நண்பருக்கு மான் கறிதான் வேண்டும் என்றால் நீங்கள் டீலருக்குக் கொடுங்கள், அவர் டீலரிடம் வாங்கட்டும். இடையில் டீலரின் லாபம் போகும்தான். ஆனால் சுகாதார அதிகாரி வந்து ரசீது கேட்டால் காட்ட நண்பர் கையில் ஒன்று இருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். நீங்கள் ஓர் ஆண்டில் 12 ரோ மானும் (சிறிய இனம்) 8 ஃபாலோ மானும் (அதைவிடப் பெரியது) சுடுவதாக வைத்துக்கொள்வோம். பகுதி நேரமாகப் போகிறவருக்கு இது நல்ல ஆண்டு. தலை, கால், குடல் போக ரோ 13 கிலோ, ஃபாலோ பெண் மான் 25 கிலோ என்றால் மொத்தம் 356 கிலோ. டீலர் விலை ஆண்டுக்கு ஆண்டு, ஊருக்கு ஊர் மாறும். கிலோவுக்கு இரண்டரை பவுண்டு என்று எடுத்துக்கொண்டால் 890 பவுண்டு கைக்கு வரும்.

செலவு? ஒரு மானுக்கு மூன்று தடவை போக வேண்டியிருக்கும் என்றால் 60 பயணம், டீசல் பத்துப் பத்து பவுண்டாக 600. செம்புத் தோட்டா, குறி சரிபார்க்கச் சுடுவதையும் சேர்த்து 150. காப்பீட்டோடு வரும் வேட்டைக்காரர் சங்க உறுப்பினர் கட்டணம் ஒரு 90. ரைஃபிள், ஸ்கோப், சத்தம் குறைக்கும் மாடரேட்டர், தெர்மல் எல்லாம் சேர்த்து 3,500 பவுண்டு, பத்தாண்டு உழைக்கும் என்றால் வருடத்துக்கு 350. ஆக 1,190. முந்நூறு பவுண்டு நஷ்டம். துப்பாக்கி உரிமத்துக்கு 2025 பிப்ரவரியிலிருந்து 198 பவுண்டு ஆக்கிவிட்டார்களே, அதை நான் சேர்க்கவே இல்லை.

நீங்களே வெட்டி விற்றால்? 356 கிலோவில் எலும்பில்லாத கறி பாதிக்குக் கொஞ்சம் மேலே, 195 கிலோ தேறும். தொடை, முதுகுக்கறி நல்ல விலைக்கும் கொத்துக்கறி குறைந்த விலைக்கும் போய், சராசரி பத்து பவுண்டு என்றால் 1,950. குளிர்பெட்டி, மின்சாரம், வேக்குவம் பை, எலும்புத் தோல் கழிவை முறையாக அகற்றுவது என்று இன்னொரு 400. (விற்பனைக்கு வெட்டிய கழிவை வீட்டுக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது, பலர் மறந்துவிடுவது இதைத்தான்.) முன்பு சொன்ன 1,190-ஐயும் கழித்தால் மிச்சம் 360 பவுண்டு. ஆனால் காட்டில் 240 மணி நேரம், வெட்டுமேசையில் 60 மணி நேரம் போயிருக்கும். மணிக்கு ஒரு பவுண்டு இருபது பென்ஸ். 2025 ஏப்ரலில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. தொகைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். முடிவு பெரிதாக மாறாது.

டீலர் ஏன் இவ்வளவு குறைத்துக் கொடுக்கிறார் என்று எல்லோரும் புலம்புகிறார்கள். ரோ, ஃபாலோ பெண் மான்களை இங்கிலாந்தில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரைதான் சுடலாம். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் சுட்டுக் கொண்டுவந்தால் அவர் குளிர்அறை நிரம்பிவிடுகிறது. வாங்குபவர்களில் பெரும்பங்கு உணவகங்கள். 2020 ஊரடங்கில் அவை மூடியபோது விலை அடியோடு விழுந்தது. பல டீலர்கள் வாங்குவதையே நிறுத்தினார்கள். சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் மான் கறியைப் புரட்டிப் பாருங்கள், நியூசிலாந்துப் பண்ணையில் வளர்த்தது என்று இருக்கலாம். வருடம் முழுக்க ஒரே அளவில் வரும் சரக்கோடு காட்டு மான் போட்டி போடுவது கஷ்டம். ஆகவே டிசம்பரில் மானை வண்டியில் ஏற்றும் முன் டீலருக்கு ஒரு போன் போடுங்கள்.

விலை உங்கள் கையில் இருக்கும் இடம் ஒன்று உண்டு: சுட்டதிலிருந்து முதல் ஒரு மணி நேரம். நெஞ்சில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் பட்டால் கறி சேதம் குறைவு. தோள்பட்டை எலும்பில் பட்டால் அந்தப் பக்கக் கறி முழுக்க ரத்தம் கட்டிப் போய்விடும். வயிற்றில் பட்டால் இரைப்பைப் பச்சைத்தழை தொடைவரை பரவும். அதை டீலர் திருப்பி அனுப்பலாம், அல்லது அடிமாட்டு விலை போடுவார். தண்ணீர் விட்டுக் கழுவினால் கெடுவது பரவும். அழுக்குப் பட்ட இடத்தை வெட்டி எறிவதே சரி. குடலை எடுக்கும்போது கையோடு குடல்தாங்கிக் கொழுப்பில் வரிசையாக இருக்கும் நிணநீர்க் கணுக்களைத் தடவிப் பாருங்கள். ஈரலையும் நுரையீரலையும் பாருங்கள். கணு வீங்கியோ உள்ளே சீழ்க்கட்டி போலவோ இருந்தால் மாட்டுக் காசநோயாக இருக்கலாம். அந்த மானை விற்பதில்லை, விலங்குச் சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும், சட்டமே அப்படித்தான். பிறகு உடலின் நடுச் சூடு 7 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். அக்டோபர் மாலையில் காருக்குள் பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி வைத்தால் இறங்காது. மார்புக்கூட்டை ஒரு குச்சி வைத்து விரித்துத் தொங்கவிடுங்கள்.

நம் ஆட்கள்தான் உங்களுக்கு உண்மையான சந்தை. ஆங்கிலேய வாடிக்கையாளர் தொடையையும் முதுகுக்கறியையும் கேட்பார். கழுத்து, முன்னங்கால், விலா எல்லாம் கொத்துக்கறியாகிக் குறைந்த விலைக்குப் போகும். நம் வீடுகளில் குழம்புக்கு எலும்போடுதான் வேண்டும். கழுத்தும் முன்னங்காலும் அப்படியே துண்டாகி எடைக்கு வரும், எலும்பு பிரிக்கும் நேரமும் மிச்சம். வாங்குகிறவருக்கு ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: ஆட்டுக்கறி போலக் கொழுப்பு கிடையாது, குறைந்த தீயில் நேரம் எடுத்து வேகவிட வேண்டும். இல்லாவிட்டால் கறி ரப்பராக இருந்தது என்று உங்களைத்தான் திட்டுவார்கள்.

எலும்போடு கொடுப்பதானால் ஈயத் தோட்டா கூடவே கூடாது. காயத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் சிதறிக் கிடக்கும். சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஈயத்தால் சுட்ட கறியை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது உணவுத் தர நிறுவனத்தின் ஆலோசனை. ஈயத் தோட்டாக்களுக்குத் தடை வருவதாக 2025 ஜூலையில் அரசும் அறிவித்துவிட்டது. இப்போதே செம்புக்கு மாறி, ரைஃபிளுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்து வையுங்கள்.

செலவைக் குறைக்க நான் பார்த்த நல்ல வழி, கறியை விட்டு நிலத்தைப் பார்ப்பது. கொம்புள்ள ஆண் மானைச் சுட ஆட்கள் பணம் கொடுத்து வருகிறார்கள். ஆனால் மான்தொகையைக் குறைப்பது பெண் மானைச் சுடுவதுதான். அது ஜனவரிக் குளிரில் விடியலுக்கு முன் எழுந்து செய்கிற வேலை என்பதால் ஆள் கிடைப்பதில்லை. அதை ஒழுங்காகச் செய்து, எந்த வயலில் எத்தனை என்று எழுதிக் கொடுக்கிறவருக்குப் பக்கத்துப் பண்ணையும் இலவசமாகத் திறக்கும். குத்தகைப் பணம் கொடுக்காமல் சுட முடிவதே உங்கள் பெரிய லாபம். காடு வளர்ப்பவர்களுக்கு மான் கட்டுப்பாட்டுக்கான அரசு மானியம் இருக்கிறது; அவர்களிடம் போனால் கூலியே பேசலாம்.

விற்பனை வரவு வருடத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டினால், லாபமே இல்லாவிட்டாலும் வரித் துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். முதல் மானிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டு, எடை, யாருக்குக் கொடுத்தது, எவ்வளவு வந்தது என்று எழுதி வையுங்கள். சுகாதார அதிகாரி கேட்டாலும் அதே நோட்டுதான்.