மண்ணுக்கடியில் வாழும் ஆப்பிரிக்கச் சிற்றெறும்புகள்: கேள்வி பதில்

கேள்வி: கென்யாவில் கரையான் புற்றைத் தோண்டியபோது மஞ்சள் நிறத்தில், 2 மி.மீ. நீளத்தில் எறும்புகள் வந்தன. கண் இல்லை. டோரிலஸ் எனும் படையெறும்பின் குட்டிகளா சார்?

பதில்: குட்டியாக இருக்க முடியாது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த எறும்பு அப்புறம் வளராது. டோரிலஸிலும் சிறிய வேலைக்கார எறும்புகள் உண்டு, அதனால் அளவை நம்பாதீர்கள். இடுப்பைப் பாருங்கள். அங்கே முடிச்சு போலப் புடைத்திருப்பது கணு. டோரிலஸுக்கு ஒரு கணு, கரேபாரா என்ற வேறொரு எறும்புப் பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுதி) இரண்டு. பத்து மடங்கு லென்ஸ் போதும். இரண்டு கணு இருந்தால், புற்றிலிருந்து வந்ததையும் சேர்த்து, கரேபாரா விடுவா என்ற இனம் என்று நினைப்பேன். அது கரையான் புற்றுக்குள்ளேயே குடியிருக்கும் எறும்பு.

கேள்வி: இரண்டு கணுதான். ஆனால் நண்பர் சொலெனாப்சிஸ் என்ற இன்னொரு எறும்புப் பேரினம் என்கிறார்.

பதில்: அவர் குழம்பியதில் தப்பில்லை. இரண்டுக்குமே உணர்கொம்பின் கடைசி இரண்டு துண்டுகள் தடித்துக் குண்டாந்தடி போலிருக்கும். வாய்க்கு மேலே உள்ள முகத்தட்டின் முன்விளிம்பைப் பாருங்கள். நட்டநடுவில் ஒற்றை முடி என்றால் சொலெனாப்சிஸ். நடுவை விட்டு இருபுறமும் ஜோடியாக நின்றால் கரேபாரா. இதற்குக் கை லென்ஸ் பத்தாது, நுண்ணோக்கி வேண்டும். எறும்பை உலர விடாமல் ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.

கேள்வி: கரேபாரா ஆப்பிரிக்காவில் மட்டும்தானா?

பதில்: இல்லை, ஆசியாவிலும் அமெரிக்காவிலும் உண்டு. 2014இல் ஃபைடோலோஜெட்டான் பேரினத்தையும் இதில் சேர்த்தார்கள்.

கேள்வி: கரேபாரா விடுவாவின் ராணியை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ராணி 2 செ.மீ.க்கு மேல் இருக்கும், வேலைக்கார எறும்பைப் போலப் பத்து மடங்கு நீளம்! தனித்தனியாகப் பார்த்தால் ஒரே இனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மழைக்குப் பின் பறந்து வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிடித்து உண்பார்கள். எந்தப் புற்றிலிருந்து கிளம்பியது என்று குறித்துக்கொண்டால், வேலைக்கார எறும்போடு சேர்த்துப் பார்க்கலாம்.

கேள்வி: ஐவரி கோஸ்ட் மண்ணில் கிடைத்தது: ஒரு கணு, கண் இல்லை, எல்லாம் ஒரே அளவு. டோரிலஸ்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். டோரிலஸ் கூட்டத்தில் பல அளவுகள் கலந்திருக்கும், வயிற்றின் கடைசித் தகடும் தட்டையாக, ஓரத்தில் சிறு முட்களோடு இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அபோமிர்மா ஸ்டிஜியாவையும் யோசியுங்கள். அங்கே லாம்டோ என்ற இடத்தின் சவன்னா புல்வெளியிலிருந்து 1970இல் விவரிக்கப்பட்ட இனம் அது. அப்படித் தோன்றினால் பக்கவாட்டுப் படம் ஒன்றும், எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள் என்பதும் அனுப்புங்கள், ஆசையாகக் காத்திருப்பேன்.