அரசியலில் மாறுபடுவோருக்குப் பட்டம் சூட்டுவது கிறிஸ்தவருக்குத் தகுமா?

ஒருவரைப் ‘பாசிஸ்ட்’ என்றோ ‘தேசத்துரோகி’ என்றோ அழைப்பது வெறும் அரசியல் பேச்சுதானே, அதில் விசுவாசத்திற்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று (யாத்திராகமம் 20:16). 1563-இல் வெளியான, சீர்திருத்தத் திருச்சபைகளின் போதனை நூலான ஹைடல்பெர்க் வினாவிடை அதை விரித்து, பிறர் சொற்களைத் திரிப்பதையும், ஒருவர் தரப்பைக் கேளாமலே அவசரப்பட்டு அவரைக் கண்டனம் செய்வதையும் அக்கட்டளையின் கீழ் விலக்குகிறது. செல்வந்தர் மீதான வரியை உயர்த்தலாம் என்று மட்டும் சொன்னவரைக் ‘கம்யூனிஸ்ட்’ என்றும், குடியேற்ற விதிகளைக் கடுமையாக்கக் கோரியவரை ‘நாஜி’ என்றும் அழைப்பவர், அவர்கள் சொல்லாத ஒரு கொள்கை முழுவதையும் அவர்கள் தலையில் கட்டிவிடுகிறார். இதைப் பொய்ச்சாட்சி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இயேசுவே ஆட்சியாளனான ஏரோதை நரி என்றாரே (லூக்கா 13:32), யூத சமயப் பிரிவினரான பரிசேயரை வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளுக்கு ஒப்பிட்டாரே என்று சிலர் வாதிடுவதுண்டு; நியாயமான கேள்விதான். ஆனால் மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் அக்கடுஞ்சொற்கள் காற்றில் வீசப்படவில்லை: ஒற்தலாமில் (புதினாவில்) கூடத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டது போன்ற செயல்கள் அங்கேயே சுட்டிக்காட்டப்படுகின்றன. மேலும், ஆட்சியாளருக்காக வரி வசூலித்த மத்தேயுவையும், செலோத்தே (தீவிரப் பற்றாளர்) எனப்பட்ட சீமோனையும், இவ்வாறு மாறுபட்ட பின்னணியினரை, இயேசு தம் பன்னிரு சீடரில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

ஆகவே, ஒருவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரைப் பயன்படுத்துவதில் தவறில்லை. மற்ற இடங்களில், ஆளுக்குப் பெயர் வைக்காமல், அவர் ஆதரித்த சட்டத்தையோ ஆற்றிய உரையையோ குறிப்பிட்டு, அது யாருக்கு எவ்வாறு தீங்கு செய்கிறது என்று எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம்.