மூடிய கலனில் 200 டிகிரி தண்ணீர்: அழுத்தம் எவ்வளவு?

கேள்வி: ஒரு லிட்டர் எஃகுக் கலனில் பாதி தண்ணீர் ஊற்றி, இறுக மூடி 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் உள்ளே அழுத்தம் எவ்வளவு இருக்கும்? வாயுச் சமன்பாட்டில் போட்டால் 1,000 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) மேல் வருகிறதே, சரிதானா?

பதில்: இல்லை. அரை லிட்டர் தண்ணீரும் ஆவியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. உங்கள் கலனில் 200 டிகிரியில் ஆவியாக இருப்பது சுமார் 3 கிராம்தான், மீதியெல்லாம் திரவம். உள்ளே தண்ணீரும் அதற்கு மேல் காலி இடமும் இருக்கும்வரை ஆவியின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. கால் பங்கு ஊற்றினாலும் பாதி ஊற்றினாலும் அது மாறாது.

அதனால் நீராவி அட்டவணையைப் பார்த்தாலே போதும்: 150 டிகிரிக்கு 4.8 பார், 200க்கு 15.5, 250க்கு 40, 300க்கு 86. அட்டவணை கையில் இல்லையா? டிகிரியை 100ஆல் வகுத்து, வரும் எண்ணை நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள். 200க்கு 16 வரும். 100 முதல் 300 டிகிரி வரை இது 10 சதவீதப் பிழைக்குள் நிற்கும்.

அப்புறம், மூடும்போது உள்ளே சிக்கிய காற்று. அதுவும் சூடாகி, தண்ணீர் விரிவதால் நெருக்கப்பட்டு, ஏறக்குறைய 2 பார் சேர்க்கும். ஆக மொத்தம் 17.5 பார். அழுத்தமானி வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துக் காட்டுவதால் அதில் 16.5 தெரியும்.

ஆனால் நான் பயப்படுவது இந்த எண்ணுக்கு அல்ல, நிரப்பும் அளவுக்கு. அறை வெப்பத்திலிருந்து 200 டிகிரிக்குப் போனால் தண்ணீர் 15 சதவீதம் விரியும், 300க்குப் போனால் 40 சதவீதம். காலி இடம் தீர்ந்துவிட்டால் மேலே சொன்ன அட்டவணை எதுவும் செல்லாது. அதன்பின் ஒவ்வொரு டிகிரிக்கும் பல பார் ஏறும். விளிம்புவரை நிரப்பிய கலன் கொதிநிலையைத் தொடுவதற்கு முன்பே பிளந்துவிடலாம். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

கலன் தாங்கும் அழுத்தத்தையும் அந்த வெப்பநிலைக்கு உரியதாகவே பாருங்கள், சூட்டில் எஃகின் வலிமை குறையும். பாதுகாப்பு வால்வு இல்லாத, அழுத்தச் சோதனை செய்யப்படாத பாத்திரத்தை அடுப்பில் ஏற்றவே வேண்டாம். 200 டிகிரியில் அது உடைந்தால் உள்ளிருக்கும் தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடியில் ஆவியாகிச் சீறும்.