பிரைமா, ஜூமா? முதலில் மண்டபத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: கேனான் 200டி பாடியும், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். வளைகாப்பு, காதணி விழா, ரிசப்ஷன் என்று தெரிந்தவர்கள் மூலமாக ஆர்டர் வர ஆரம்பித்திருக்கிறது. 50 எம்எம் எஃப்1.8 பிரைம் வாங்கு, பின்னணி பிளர் ஆகி அள்ளும் என்கிறான் நண்பன். எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன், ஜூம் இல்லாமல் மண்டபத்துக்குள் காலே வைக்காதே என்கிறார். எதை முதலில் வாங்குவது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஜூம்தான் தம்பி. பிரைம் என்றால் எம்எம் ஒன்றே ஒன்றுதான், ஜூம் போலத் திருகிக் கூட்டிக் குறைக்க முடியாது. எம்எம் கூடினால் காட்சி நெருங்கி வரும், குறைந்தால் அகலமாக அடங்கும். ஸ்டுடியோ அண்ணன் பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறார்.

உங்கள் கேமரா கிராப் சென்சார், அதாவது படம் பதிகிற சென்சார் ஃபுல் ஃபிரேம் கேமராவில் இருப்பதைவிடச் சின்னது. அதில் 50 எம்எம் மாட்டினால் ஃபுல் ஃபிரேமில் 80 எம்எம் மாட்டியது போலத்தான் தெரியும். நின்றிருக்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை நெட்டுவாக்கில் அடக்கவே சுமார் 15 அடி தள்ளி நிற்க வேண்டும், அதுகூடப் பரவாயில்லை. சொந்தக்காரர்கள் மேடையில் 12 அடி அகலத்துக்கு வரிசை கட்டி நின்றால் 27 அடி பின்னால் போக வேண்டும். வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் இரண்டு வீட்டு மனையில் எழுப்பிய மண்டபங்கள் உங்களுக்குத் தெரியாததா? அந்த 27 அடிக்குள் நாற்காலி வரிசை, வீடியோக்காரர் டிரைபாட், ஃபோகஸ் லைட் ஸ்டாண்டு, மொய் எழுதுகிற மேசை எல்லாம் வந்துவிடும். அதே வரிசையை 24 எம்எம்மில் 13 அடியில் எடுத்துவிடலாம். 17 வரை போனால் 9 அடியே போதும், ஆனால் ஓரத்தில் நிற்கிற அத்தை இரண்டு சுற்று பெருத்துத் தெரிவார், ஆல்பம் வந்ததும் போன் வரும்.

நானே இப்படிச் சிக்கி முழித்திருக்கிறேன். பெரம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணம், புதிதாக வாங்கிய 50-ஐக் கழற்ற மனமில்லாமல் மணமேடைக்குக் கீழே நிற்கிறேன், கெட்டிமேளம் என்ற சத்தம் கேட்டதும் ஆளாளுக்கு முன்னால் வந்துவிட்டார்கள், பின்னால் நகரலாம் என்றால் முதுகில் தூண். கிடைத்தது மாப்பிள்ளையின் கையும் பெண்ணின் கழுத்தும்தான், ஒரு முகம்கூட முழுதாக இல்லை. இன்னொரு முறை கட்டுங்கள் என்று கேட்க முடியுமா?

சரி, கிட் லென்ஸும் ஜூம்தானே, அது போதாதா என்றால், போதாது, வெளிச்சம்தான் பிரச்சினை. எஃப் எண் குறையக் குறைய லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் கூடும், ஆனால் கிட் லென்ஸ் 55-க்குப் போனதும் எஃப்5.6 ஆகிவிடும். எஃப்2.8 அதைவிட 4 மடங்கு வெளிச்சம் வாங்கும், எஃப்1.8 கிட்டத்தட்ட 10 மடங்கு. உங்கள் நண்பன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது என்பது இந்த இடத்தில்தான். அதனால் டாம்ரான் அல்லது சிக்மாவின் 17-50 எஃப்2.8-ஐ செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். வாங்குமுன் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், சுவரில் நியூஸ்பேப்பரை ஒட்டி நாலு மூலையும் ஷார்ப்பாக வருகிறதா என்று எடுத்துப் பாருங்கள். இப்போது அவ்வளவு பணம் புரளாது என்றால் ஒரு எக்ஸ்டர்னல் பிளாஷ் வாங்கி, வெள்ளை சீலிங்கில் அடித்துத் திருப்பி, கிட் லென்ஸிலேயே மேடையைச் சமாளிக்கலாம். சீலிங்குக்கு ரோஸ் கலர் அடித்திருந்தால் மட்டும் இது வேண்டாம், எல்லார் முகமும் ரோஸ் ஆகிவிடும்.

பிறகு கையில் காசு சேர்ந்ததும் 50 எஃப்1.8 கண்டிப்பாக வாங்குங்கள், விலையும் குறைவு. மணப்பெண் அறையில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து எடுக்க அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் குரூப் போட்டோவை எஃப்1.8-இல் எடுத்துவிடாதீர்கள், முன்வரிசை ஷார்ப்பாக இருக்கும், பின்னால் நிற்கும் தாத்தா கலங்கிப்போவார். எஃப்5.6-க்கு வைத்துக்கொண்டு பிளாஷ் போடுங்கள்.

கேள்வி: மொட்டைமாடியில் தங்கையை 18 எம்எம்மில் எடுத்தேன், மூக்கு பெரிதாகி முகமே வேறு மாதிரி இருக்கிறது. பிரைம் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, காசிமேடு

பதில்: தங்கையை முகத்துக்கு நேராக இரண்டடியில் வைத்து எடுத்திருப்பீர்கள். அவ்வளவு கிட்டத்தில் காதைவிட மூக்கு லென்ஸுக்கு ரொம்பவே பக்கத்தில் இருக்கிறது, அதனால் பெருத்துத் தெரிகிறது. முகம் எப்படித் தெரியும் என்பதை முடிவு செய்வது தூரம்தான். ஏழெட்டு அடி தள்ளி நின்று உங்களிடம் உள்ள ஜூமையே 50-க்குத் திருகி எடுத்துப் பாருங்கள், தங்கை தங்கையாகவே இருப்பாள். பிரைமால் கூடுதலாகக் கிடைப்பது பின்னணி கலங்குவதும் மங்கல் வெளிச்சத்தில் எடுக்க முடிவதும்தான்.

கேள்வி: வீடு கடலுக்குப் பக்கம். லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது, இனி வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: பிடித்ததை ரிப்பேர் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள், நீங்களே கழற்ற வேண்டாம். இனிமேல் லெதர் பையில் போட்டு பீரோவில் பூட்டாமல், ரப்பர் வைத்த காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதைக் காட்டுகிற சின்ன மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. ஜெல் நிறம் மாறியதும் சூடுபடுத்தினால் மறுபடி உழைக்கும், ஆனால் சமையல் வாணலியில் செய்யாதீர்கள், இதற்கென்று ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்கிவிடுங்கள்.