காபூல் விமான நிலையம்: கேட்டவையும் சொன்னவையும்

வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தின் டிஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். விமானி ஏறி உட்காரும் முன்பே எந்த வழி, எவ்வளவு எரிபொருள், இறங்க முடியாவிட்டால் எந்த ஊர் என்று கணக்குப் போட்டுக் கையில் கொடுக்கும் வேலை. காபூல் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. விசா, சம்பளம், அரசியல் எல்லாம் இங்கே வேண்டாம்.

முருகேசன், ஷார்ஜா: காபூலுக்கு இப்போது பயணிகள் விமானம் போகிறதா?

போகிறது. துபாயிலிருந்து ஃபிளைதுபாய் 2023 நவம்பரில் திரும்ப ஆரம்பித்தது. இஸ்தான்புல்லிலிருந்து டர்கிஷ் ஏர்லைன்ஸ் 2024 மே மாதம் வந்தது. டெல்லிக்கு ஆப்கன் நிறுவனங்களான அரியானாவும் காம் ஏரும் பறக்கின்றன. டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் பயணக் காப்பீட்டில் 'விலக்குகள்' என்று பொடி எழுத்தில் ஒரு பக்கம் இருக்கும், அதைப் படியுங்கள். போர் அபாய நாடு என்று அங்கே எழுதியிருந்தால் கையில் இருப்பது வெறும் காகிதம்தான்.

தேன்மொழி, கோவை: ஹமீத் கர்சாய் விமான நிலையம் என்பது வேறா?

அதேதான். 2014இல் அந்தப் பெயர் வைத்தார்கள், 2021 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால் க்வாஜா ரவாஷ். கேபிஎல் என்ற குறியீடு மட்டும் மாறவே இல்லை.

அன்வர், காயல்பட்டினம்: ராக்கெட்டுக்குப் பயந்து விமானங்கள் சுற்றிச் சுற்றி இறங்குமாமே?

அது போர்க்கால ராணுவப் பழக்கம். இன்றைய பயணிகள் விமானம் மற்ற ஊர்களில் போலவே நேராக வந்து இறங்குகிறது. எங்களுக்குத் தலைவலி ராக்கெட் இல்லை, உயரம். காபூல் ரன்வே கடல் மட்டத்திலிருந்து 1,791 மீட்டரில் இருக்கிறது, ஏறக்குறைய குன்னூர். காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். காற்று மெலிந்தால் இன்ஜின் தள்ளும் சக்தி குறையும்; இறக்கை தூக்கக் கூடுதல் வேகம் வேண்டும்; அந்த வேகத்துக்கு ரன்வேயில் இன்னும் நீளமாக ஓட வேண்டும். ஜூலை மதிய வெயில் சேர்ந்தால் இன்னும் மோசம்.

ஓடிக் கிளம்பிவிட்டால் முடிந்ததா? ஊரைச் சுற்றி மலை. கிளம்பும் நொடியில் ஒரு இன்ஜின் நின்றால், மிச்சமிருக்கும் ஒன்றை வைத்து அந்த மலைகளைத் தாண்ட வேண்டும். தாண்டாது என்று கணக்கு சொன்னால் எடையைக் குறைப்போம். முதலில் சரக்கு இறங்கும், அப்புறம் பெட்டிகள், கடைசியில் ஆட்கள். வெயிலுக்கு முன் கிளம்பிவிடத் துடிப்பது இதனால்தான்.

இன்னொன்று. இருப்பது ஒரே ரன்வே, சுமார் 3,500 மீட்டர். அதில் ஒரு விமானம் டயர் வெடித்து நின்றுவிட்டால் பின்னால் வருகிறவருக்கு இடமில்லை. மாற்று ஊருக்கான எரிபொருளில் நாங்கள் கஞ்சத்தனம் பார்ப்பதே இல்லை.

செந்தில், சிங்கப்பூர்: லண்டன் போகும்போது என் முன்னால் இருந்த திரையில் விமானம் ஆப்கானிஸ்தான் மேலே போவது தெரிந்தது. அங்கே கன்ட்ரோலரே கிடையாது என்கிறார்களே?

உண்மை. கன்ட்ரோலர் என்றால் தரையிலிருந்து ரேடியோவில் விமானங்களுக்கு வழி சொல்லி, ஒன்றோடொன்று நெருங்காமல் பிரித்துவைப்பவர். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் கையில் வீழ்ந்ததும் அந்த நாட்டின் உயர்வான்வெளியைப் பார்த்துக்கொள்ளும் சேவை நின்றது. டெல்லியிலிருந்து போன ஏர் இந்தியா விமானம் அன்று நெடுநேரம் வட்டமடித்த பிறகே இறங்க முடிந்தது. இப்போது அந்த வான்வெளியில் விமானிகள் தாங்களே பேசிக்கொள்கிறார்கள். நுழையப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பொது அலைவரிசையில் 'அனைவருக்கும்' என்று ஆரம்பித்து, நான் இன்னார், இந்த உயரம், இந்தப் புள்ளியை இத்தனை மணிக்குத் தாண்டுவேன் என்று அறிவிப்பார்கள். புள்ளிகளுக்கு நடுவே தூரம் அதிகமென்றால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை. உயரம் மாற்றும் முன்னும் சொல்ல வேண்டும். பக்கத்து நாட்டுக் கன்ட்ரோலர் போதிய இடைவெளி விட்டுத்தான் உள்ளே அனுப்புவார்.

கார்த்திக், சென்னை: இது தவறான தகவல். காபூலில் டவர் வேலை செய்கிறது. 2022இலேயே எமிரேட்ஸ் நாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். டவர் இல்லாமல் எப்படி இறங்குவார்கள்?

டவர் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? டவர் பார்ப்பது ரன்வேயையும் அதை ஒட்டிய வானத்தையும். செந்தில் போனது பத்துக் கிலோமீட்டருக்கு மேலே. அந்த உயரத்தைப் பார்ப்பது வேறு மையம், வேறு ஆட்கள். அதுதான் இல்லை.

நவீன், பெங்களூரு: மோதல் தடுப்புக் கருவி எல்லா விமானத்திலும் இருக்கிறது. மனிதக் கன்ட்ரோலர் எதற்கு?

அந்தக் கருவி எதிரே வருபவரின் ட்ரான்ஸ்பாண்டரை, அதாவது தன் உயரத்தையும் அடையாளத்தையும் சிக்னலாக அனுப்பும் பெட்டியை, கேட்டு, ஏறக்குறைய அரை நிமிடம் இருக்கும்போது 'ஏறு', 'இறங்கு' என்று கத்தும். கன்ட்ரோலர் அந்த அரை நிமிடமே வராமல் முன்கூட்டிப் பிரித்துவைப்பவர். ட்ரான்ஸ்பாண்டர் இல்லாத ஒன்று எதிரே வந்தால் கருவிக்குக் காதே கேட்காது.

கார்த்திக், சென்னை (மீண்டும்): அப்படியானால் அவ்வழி போக அனுமதித்ததே குற்றம்.

இப்போதுதான் நல்ல சண்டை. அமெரிக்கா தன் நிறுவனங்களை முதலில் முழுக்கத் தடுத்து, வடகிழக்கு மூலையில் வாக்கான் பகுதி மேலே போகும் சிறு துண்டை மட்டும் விட்டது. 2023 ஜூலையில் 32,000 அடிக்கு மேலே போகலாம் என்றது. 2024இல் ஈரான்-இஸ்ரேல் பதற்றம் கூடியபோது பெரிய நிறுவனங்கள் பல ஈரானைத் தவிர்த்து ஆப்கன் வானத்தைத் தேர்ந்தெடுத்தன. ஏவுகணை பறக்கக்கூடிய வானமா, பேச ஆளில்லாத வானமா என்றால் நானும் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ஆனால் எனக்குப் பயம் மோதல் பற்றி இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். கீழே இந்துகுஷ், நோஷாக் சிகரம் மட்டுமே 7,492 மீட்டர், அதாவது 24,000 அடிக்கு மேல். பயணிகள் தலைக்கு மேல் தொங்கும் ஆக்சிஜன் சாதாரணமாகப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கானது. அதற்குள் எந்தப் பள்ளத்தாக்கு வழியாக எந்தப் பக்கம் தப்புவது என்று பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்பே வரைந்து வைக்கிறோம். அந்தத் தாளில் காபூல் கடைசி வரிசையில்தான் வரும். ஐம்பது டன் எரிபொருளோடு முந்நூறு பேரை அங்கே இறக்கிய பிறகு பாகங்கள், பொறியாளர், ஹோட்டல், காப்பீடு என்று ஒவ்வொன்றும் தனிக் கதை. காப்பீடு என்று மறுபடியும் சொல்லிவிட்டேன், பரவாயில்லை.

பெயர் வேண்டாம், திருச்சி: சக்கரத்தில் ஒளிந்து டெல்லி வந்த பையன் எப்படிப் பிழைத்தான்?

இதே கேள்வி ஐந்தாறு பேரிடமிருந்து, சேர்த்தே பதில். 2025 செப்டம்பரில் 13 வயதுப் பையன் காம் ஏர் விமானத்தின் சக்கர அறையில் வந்தான், அன்றே திருப்பி அனுப்பினார்கள். ஒன்றரை மணி நேரப் பறப்பு. மேலே உறைகுளிர், மூச்சுக்குக் காற்றில்லை. இப்படி ஏறுபவர்களில் பெரும்பாலோர் இறந்துதான் போகிறார்கள். இனி இது பற்றிக் கேட்காதீர்கள்.

ரமேஷ், சேலம்: காபூல் போவது பாதுகாப்பா?

முருகேசனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜோசப், தோஹா: காபூல் போவது...

ரமேஷைக் கேளுங்கள்.

கலா, விருதுநகர்: காபூலிலிருந்து பெருங்காயம் விமானத்தில்தான் வருகிறதா?

அப்பாடா, ஒரு நல்ல கேள்வி. 2017 ஜூனில் காபூல்-டெல்லி சரக்கு விமான வழி தொடங்கியது. அங்கிருந்து வந்த முதல் விமானத்தில் பெருங்காயம் முதலான மூலிகைச் சரக்கு 60 டன். பாகிஸ்தான் வழியாக லாரியில் வந்தால் எல்லை எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. விலை உயர்ந்த, எடை குறைந்த சரக்குக்கு விமானம் கட்டுப்படியாகும்.

இதிலும் உயரக் கணக்கு உண்டு. போகும் ஊரில் எரிபொருள் உறுதியாகக் கிடைக்காது என்றால் திரும்பும் எரிபொருளையும் சேர்த்தே ஏற்றிப் போவோம். அந்த எடையோடு இறங்க வேண்டும், மிச்சத்தோடு மெலிந்த காற்றில் மறுபடி ஏற வேண்டும். அப்போது சரக்குக்கு ஒதுக்கும் டன் குறையும். வியாபாரிக்கு அது வாடகையாகத்தான் தெரியும்.

மற்ற கேள்விகளில் பாதி விசா. அதற்குத் தூதரகம் இருக்கிறது.