கோலம் போட்டால் கணக்கு வருமா?

கேள்வி: என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆறாம் வகுப்பு. பாடத்தைக் கலையோடு சேர்த்து ப்ராஜெக்ட் செய்யச் சொல்கிறார்கள். கடைசியில் ராத்திரி உட்கார்ந்து தெர்மகோலை வெட்டி ஒட்டுவது நான்தான். அவளுக்கு வரைவதென்றால் உயிர், கணக்கென்றால் ஓட்டம். வரைவதை வைத்தே பாடம் சொல்லித்தர முடியுமா, இல்லை இதெல்லாம் வெறும் அலங்காரம்தானா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முடியும். ஆனால் உங்கள் சந்தேகமும் நியாயமானதுதான். 2020-21 கல்வியாண்டிலிருந்து 1 முதல் 10 வரையுள்ள வகுப்புகளுக்கு இந்தக் கலை இணைந்த ப்ராஜெக்ட்டை சி.பி.எஸ்.இ. கட்டாயமாக்கியது. நோக்கம் நல்லது. நடைமுறையில் அது பல வீடுகளில் அம்மாக்களின் வேலையாகவும், ஸ்டேஷனரி கடைக்காரரின் வருமானமாகவும் ஆகிவிட்டது.

ஒரு ப்ராஜெக்ட் கையில் கிடைத்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளையும் இதை அழகாகச் செய்து முடித்துவிட முடியுமா? முடியும் என்றால் அது அலங்காரம். பாடம் தப்பினால் படமும் தப்ப வேண்டும்.

சூரியக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கிய தெர்மகோல் உருண்டைகளுக்குப் பெயின்ட் அடித்துக் கம்பியில் குத்தும் பிள்ளை, அந்த நேரம் முழுக்க யோசிப்பது பசை காய்ந்ததா என்பதைத்தான். அதே தலைப்பை இப்படி மாற்றலாம்: பூமி 2 மில்லிமீட்டர் கடுகு என்றால் சூரியன் எவ்வளவு பெரிது? பூமியைப்போல் 109 மடங்கு விட்டம். அதாவது சுமார் 22 சென்டிமீட்டர், ஒரு கால்பந்து. கடுகை எங்கே வைப்பது? பந்திலிருந்து ஏறக்குறைய 23 மீட்டர் தள்ளி. வியாழன் ஒரு நெல்லிக்காய் அளவு, அது 120 மீட்டருக்கு அப்பால், தெருமுனையில் நிற்கும். மேஜையில் அடங்காத இந்த மாடலை ஒரு நீளமான தெருப் படமாக வரைந்து கொடுத்தால் போதும். இதில் பெருக்கலும் விகிதமும் தெரியாமல் ஒரு அடி நகர முடியாது.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். வரைவதில் ஆசை, கணக்கில் பயம் என்றால் நான் முதலில் எடுப்பது கோலம்தான். இது சும்மா ஊர்ப்பாசம் இல்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி போன்றவர்கள் 1970களிலேயே கோல வடிவங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிப் பார்த்தார்கள். வாசலில் கிடப்பது நிஜமான கணிதம்.

நேர்ப்புள்ளியில் தொடங்குங்கள். 7 புள்ளி, 1-ல் முடிவது: வரிசையாக 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் எத்தனை புள்ளி என்று எண்ண விடுங்கள், 25 வரும். அப்புறம் 5 புள்ளிக் கோலம், 13. 9 புள்ளி, 41. இப்போது 11 புள்ளிக்கு வைக்காமலே சொல்லச் சொல்லுங்கள். திணறுவாள், திணறட்டும். மேல்பாதியை மட்டும் தனியாகப் பார்க்கச் சொன்னால் 1+3 = 4, 1+3+5 = 9, 1+3+5+7 = 16 என்று வர்க்க எண்கள் வரிசைகட்டி நிற்கும். 25 என்பது 16-ம் 9-ம், 41 என்பது 25-ம் 16-ம். ஆக 11 புள்ளிக்கு 36-ம் 25-ம், 61. (7 புள்ளிக்கு மட்டும் விடையே ஒரு வர்க்கமாக வருவதை அவளே கவனித்தால் விட்டுவிடாதீர்கள். 3, 4, 5 என்ற அந்த மூன்று எண்களும் பிதாகரஸ் தேற்றத்தில் மறுபடி வரும்.)

அடுத்தது சிக்குக் கோலம். ஆறாம் வகுப்பில் பிள்ளைகளை அழவைக்கும் மீப்பெரு பொதுக் காரணி (எச்.சி.எஃப்.), அதாவது இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண், இதற்குள் ஒளிந்திருக்கிறது. 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்று செவ்வகமாக வையுங்கள். விதி இரண்டுதான்: அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போக வேண்டும்; ஓரத்துக்கு வந்தால் புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும். கையெடுக்காமல் போட்டால் ஒரே இழையில் முடிந்துவிடும். இப்போது 4-க்கு 4. முதல் இழை பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்து மூடிக்கொள்ளும், மிச்சப் புள்ளிகள் காத்திருக்கும். அடுத்த இழைக்கு வேறு நிறம் எடுக்கச் சொல்லுங்கள். மொத்தம் 4 நிறம் ஆகும். 4-க்கு 6 போட்டால் 2 நிறம். 6-க்கு 9 போட்டால் 3. 3-க்கு 5 என்றால் மறுபடி ஒன்றுதான். வரிசை எண்ணிக்கைக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ, அத்தனை இழை. தயவுசெய்து இதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். ஐந்தாறு கோலத்தை ஒரு பட்டியலாக எழுதவைத்து, "8-க்கு 12 போட எத்தனை கலர் பென்சில் எடுக்கணும்?" என்று மட்டும் கேளுங்கள்.

பின்னத்துக்குக் காகித மடிப்பு. இதுவும் புதிய யோசனை இல்லை, காகிதத்தை மடித்தே வடிவியல் கற்பிக்க 1893-ல் சென்னையில் டி. சுந்தர ராவ் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். ஒரு தாளை நீளவாக்கில் மூன்றாகவும் குறுக்கே நான்காகவும் மடித்துப் பிரித்தால் 12 கட்டம். நீளப்பட்டைகளில் இரண்டுக்கு மஞ்சள், குறுக்குப்பட்டைகளில் மூன்றுக்கு நீலம். இரண்டும் விழுந்த இடம் பச்சை, 6 கட்டம். மூன்றில் இரண்டு பங்கை நான்கில் மூன்றால் பெருக்கினால் ஏன் பாதி வருகிறது என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

அறிவியலுக்கு ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். செம்பருத்தி இதழைக் கொதிநீரில் ஊறவைத்த சாறு மட்டும்தான் பெயின்ட். பூ இளஞ்சிவப்பாகவும் இலை பச்சையாகவும் வர வேண்டும். எலுமிச்சைச் சாறா, சமையல் சோடாத் தண்ணீரா, எதை எங்கே சேர்ப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அமிலம், காரம் குழம்பினால் பச்சைப் பூ பூக்கும்.

எல்லாவற்றையும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. வாய்ப்பாட்டுக்கு வண்ணம் அடிப்பது வீண், அது சொல்லிச் சொல்லித்தான் வரும். எழுத்துப்பிழையும் அப்படியே. நிறம் தீட்டுவதற்கு ஒரு மணி நேரம், யோசிப்பதற்கு ஐந்து நிமிடம் என்று போனால் தீட்டுவதைப் பாதியில் நிறுத்திவிடுங்கள். இன்னொன்று முக்கியம்: கோலம் முடிந்த மறுநாள் புள்ளியும் பென்சிலும் இல்லாமல், நோட்டில் 18-க்கும் 24-க்கும் மீப்பெரு பொதுக் காரணி கேளுங்கள். அங்கே வரவில்லை என்றால் படம் நன்றாக இருந்தது, பாடம் இன்னும் ஏறவில்லை. திட்டாமல் இன்னும் இரண்டு கோலம் போடலாம்.

மார்க் போய்விடுமே என்று பயந்து ராத்திரி கத்தரியை நீங்கள் எடுக்காதீர்கள். கோணலாக இருந்தாலும் அவள் போட்ட கோலங்களையும் அந்தப் பட்டியலையும் அப்படியே ஒட்டி அனுப்புங்கள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை அவள் கையாலேயே நாலு வரி கீழே எழுதச் சொல்லுங்கள். பார்க்கிற ஆசிரியருக்கு யார் செய்தது என்று புரிந்துவிடும்.