கணிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அம்மா

மகள் பத்தாம் வகுப்பில் கணிதத்துக்கு 48 எடுத்ததும் மேத்ஸ் லிட்டரசிக்கு, அதாவது நம் தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் கணிதத்துக்குப் பதிலாக எடுக்கும் எளிய அன்றாடக் கணக்குப் பாடத்துக்கு, மாற்றிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். "சூடு காட்டினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் இரும்பு" என்று அவள் ஓயாமல் பேசுவதும் உங்களுக்குக் கவலை. நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அப்படி ஒரு வேலைக்கு யார் போனார்கள் என்று கேட்கிறீர்கள்.

அவள் சொல்வது கற்பனை இல்லை, அம்மா. அதற்கு வடிவ நினைவு உலோகம் என்று பெயர். இரும்பு, மாங்கனீசு, சிலிக்கான் கலந்து செய்த கம்பியை முதலில் இழுத்து நீட்டிவிடுவார்கள். அப்புறம் சூடாக்கினால் அது பழையபடி சுருங்கப் பார்க்கும். இரண்டு முனையையும் கான்கிரீட்டில் இறுகப் பிடித்து வைத்தால் சுருங்க வழி ஏது? சுருங்கப் பார்க்கும் அந்த விசை இழுவிசையாகக் கம்பிக்குள்ளேயே தங்கிவிடும். இதுதான் மீட்சித் தகைவு. ஸ்விட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் உருவாக்கிய கலவை ஒன்றில், 160 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினாலே சுமார் 300 மெகாபாஸ்கல் கிடைக்கிறது. கட்டைவிரல் நகமளவு இடத்தில் மூன்று டன் இழுப்பு! பழைய பாலத்தின் உத்தரத்தை ஜாக்கி வைத்து இழுக்காமல், கம்பியில் மின்சாரம் பாய்ச்சியே இறுக்கலாம்.

மாங்கனீசுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உலகிலேயே பெரிய மாங்கனீசு இருப்பு நம் நார்தர்ன் கேப் மாகாணத்தில், ஹோட்டசெல் ஊர்ப் பக்கத்துக் கலஹாரி மண்ணில்தான் கிடக்கிறது. இந்தக் கலவையில் சேரும் குரோமியமும் இங்கே ஏராளம்.

சரி, படிப்பு. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்திலும் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்திலும் உலோகவியல் பொறியியல் இருக்கிறது. டர்பனை விட்டு அனுப்ப மனமில்லை என்றால் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் சிவில் படிக்கட்டும்; கான்கிரீட் பக்கமிருந்தும் இதே துறைக்குள் வரலாம். முதல் வேலை சுரங்கத்திலோ உருக்காலையிலோ பாலம் பழுதுபார்க்கும் இடத்திலோ கிடைக்கலாம். வடிவ நினைவு உலோக ஆராய்ச்சி பெரும்பாலும் முதுகலைக்கு அப்புறம்தான். அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆனால் மேத்ஸ் லிட்டரசியை வைத்துக்கொண்டு பொறியியல் பட்டப்படிப்புக்குள் நுழைய முடியாது. கணிதமும் இயற்பியல் அறிவியலும் கட்டாயம் வேண்டும். 48 என்பது எட்ட முடியாத தூரத்தில் நிற்கும் மதிப்பெண் இல்லை, அம்மா.

பாடத்தை மாற்றச் சொல்லிப் பள்ளியில் எழுதிக் கொடுப்பதற்கு முன் விடைத்தாளைப் பாருங்கள். மதிப்பெண் எந்தப் பகுதியில் போனது, அல்ஜீப்ராவிலா, ஜியோமெட்ரியிலா? அடுத்த வாரம் அந்தத் தாளோடு அவளையும் கூட்டி வாருங்கள். எந்தப் பகுதிக்கு டியூஷன் வேண்டும் என்று மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.